முதல் போல்ட் யாருக்கு?

பிள்ளைகளா, டயர்க் கடையில் நான் எத்தனையோ பஞ்சாயத்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வீல் போல்ட்டால் கல்யாணமே நிற்கப் பார்த்தது ஒரே தடவைதான்.

விளாங்குடி செந்தில் புது ஜீப்போடு எங்கள் கடைக்கு வந்தான்.

"அண்ணே, பீட்லாக் வீல் போடணும்."

அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மணலில் வண்டி புதையாமல் இருக்க டயரில் காற்றை நன்றாகக் குறைத்து ஓட்டுவார்கள். அப்போது சாதாரண வீலில் டயரின் ஓரம் ரிம்மை விட்டு நழுவிவிடும். அது நழுவாதபடி வெளிப்பக்கம் ஒரு ரிங் வைத்து, டயரின் ஓரத்தைக் கவ்வி, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்குவதுதான் பீட்லாக். அதனால் இந்த வீல் கேட்டு வருகிறவரிடம், எங்கே ஓட்டப்போகிறார் என்று கேட்டாக வேண்டும். கேட்டேன்.

"பரவை மார்க்கெட்டு வரைக்கும் போவேண்ணே. அப்புறம் திருநகர்ல மாமா வீடு."

"மணல் எங்க இருக்கு?"

"மாமா வீட்டு வாசல்ல கொட்டிக் கெடக்குண்ணே. மாடி கட்டுறாருல்ல."

"அதுக்குச் சாதா அலாய் வீலே போதும்ப்பா. பீட்லாக்னா போல்ட்டை அடிக்கடி செக் பண்ணணும். வெறும் பார்வைக்குன்னா டம்மி ரிங் இருக்கு."

"நிச்சயத்துக்குப் போற வண்டியில டம்மியா?" அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண் அதே திருநகர் மாமாவின் மகள்தான்.

முதலாளி என்னைப் பார்த்து, "அவரு கேட்டதக் குடுப்பா. புத்தி சொல்றதுக்கு நாம பில்லு போட முடியாது" என்றார்.

வீல் மாட்டும் நாளில் செந்தில் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினான். கடை வாசலில் தேங்காய் உடைத்தார்கள். தரையில் படுக்க வைத்திருந்த முதல் வீலைப் பார்த்ததும் மாமா என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

"மொத போல்ட்டு தாய்மாமந்தான்."

அடுத்தது பெரியப்பா, அதற்கடுத்தது சித்தப்பா. வயது வரிசைப்படி பக்கத்துப் பக்கத்துப் போல்ட்டாக, அவரவர் கௌரவத்துக்குத் தக்க இறுக்கினார்கள்.

"எதிரெதிரா இறுக்கணும்ங்க, இல்லேன்னா ரிங்கு ஒரு பக்கமா சாஞ்சிரும்" என்றேன்.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் சித்தப்பா.

காற்று அடித்தேன். உஸ்ஸென்று வெளியே வந்தது.

"மச்சான் போட்ட எடத்துலதான் போவுது" என்றார் பெரியப்பா.

"என் போல்ட்டு கல்லு மாதிரி இருக்கு. நீங்க தொட்டதுதான் லூசு" என்றார் மாமா.

எல்லாவற்றையும் கழற்றித்தான் மறுபடி போட வேண்டும் என்றேன். மாமாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"நா போட்டத அவுப்பியா? அப்ப பொண்ணு குடுக்குறதையும் நா யோசிக்கணும்ல?"

செந்திலின் முகத்தில் வீலை விட வேகமாகக் காற்று இறங்கியது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "மாமாவுக்குத்தான் மறுபடியும் மொத போல்ட்டு. ஆனா எதிர்ப்பக்கம் சமமான ஆளு இருந்தாத்தான் அது நிக்கும்" என்றேன்.

அம்மா வழிக்காரர்களை வீலின் ஒரு பக்கமும் அப்பா வழிக்காரர்களை மறுபக்கமும் நிறுத்தினேன். கையில் டார்க் ரென்சைக் கொடுத்தேன். வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர் அது. மாமா ஒன்று, நேர் எதிரே பெரியப்பா ஒன்று. முதல் சுற்று லேசாக, அடுத்த சுற்று அழுத்தமாக.

பெரியப்பா 'டக்' கேட்ட பிறகும் ஒரு தம் பிடித்தார்.

"அதான் சொல்லிருச்சுல்ல, கைய எடுங்க. எங்களுக்கும் அதே டக்குதான!" என்றார் மாமா.

எதிர்ப்பக்கத்தார் ஒரு இழை அதிகமாக இறுக்க இரண்டு பக்கமும் விடவில்லை. அந்த வீலுக்கு வேண்டியதும் அதுதான். மறுபடி காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. மற்ற வீல்களும் அதே முறையில்தான்.

கல்யாணம் ஜோராக நடந்தது. வாசலில் கிடந்த மணலும் மாடிக்கு ஏறிவிட்டது. ஆனால் போல்ட்டை அடிக்கடி செக் பண்ண வேண்டுமே! ஜீப் கடைக்கு வரும்போதெல்லாம் பின்னாலேயே வேனும் வருகிறது, சாப்பாட்டுத் தூக்கோடு. மாமா தொடாமல் முதல் போல்ட்டை நான் தொட முடியாது. முதலாளிதான் நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

இதில் நான் கற்றுக்கொண்டது: பீட்லாக் கேட்டு வருகிறவரிடம் ஒரு கேள்வி போதாது. எங்கே ஓட்டப்போறீங்க என்று கேட்டுவிட்டு, தாய்மாமன் எத்தனை பேர் என்றும் கேட்கிறேன். ஒருத்தர் இருந்தாலும் டம்மி ரிங்கைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.