லேத்துக்கு எண்ணெய்

இன்று அப்பாவுடன் பதுளைக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுபவர் அவர். அதற்கு எண்ணெய் வாங்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் பழைய எண்ணெயை வடிகட்டிப் புதிது என்று விற்கிறார்கள். அதில் மண் இருந்தால் லேத் தேய்ந்துவிடும். அதனால் அப்பா ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவார்.

இன்று தேய்த்துக்கொண்டே நின்றார்.

"பொண்ணு பாக்க வந்தவங்களும் இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க பாஸ்," என்று கடைக்கார முஸ்லிம் நானா சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு முதலாளி. ஊத்துங்க."

சும்மா நானும் தொட்டுப் பார்த்தேன். நறநறவென்று மண். கடையில் பேசக் கூச்சம். அவர் சட்டையை இழுத்து, "மண்ணு இருக்குப்பா," என்றேன் மெதுவாக.

அப்பா என் விரலையே பார்த்தார். பிறகு, "மகளுக்குப் புடிக்கலையாம். வேற பீப்பாயத் தொறங்க," என்றார்.

வீடு திரும்ப பசறை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சொன்னார். "விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சும்மா. நாலஞ்சு மாசமாச்சு."

டொக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"தோட்டத்து டொக்டர் மேனேஜர் தொரைகிட்ட சொல்லிருவாரு. வேலையும் போகும், தோட்டம் குடுத்த வீடும் போகும்."

பட்டம் வாங்கினாயே, வேலை கிடைத்ததா என்று கேட்கும் தோழிகளுக்கு: கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு எண்ணெய் தொட்டுப் பார்க்கும் வேலை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். பதுளைப் பக்கம் வாயைத் திறக்காத டொக்டர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.