ஆறாவது தட்டின் கண்ணாடி

ஏரிக்கரை மரங்களைப் புயல் வேரோடு சாய்த்துப் போட்ட கோடை அது. லேக் மார்க்கெட்டில் வாழை இலை வராமல் இட்லிக்காரர் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். அதனால் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது என் அறை மூலையில் நிற்கும் செப்புத் தூணை அந்தக் கோடையில்தான் பற்றவைத்துச் செய்தேன். ஆளுயரம். அதன் பக்கவாட்டில் கீழிருந்து மேலாக ஆறு வட்டக் கண்ணாடிகள். உச்சியில் இருப்பதை மட்டும் துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். துறைமுகப் பட்டறையில் குழாய் பற்றவைத்தே கிழவனானேன். காளிகாட்டில் எங்கள் மாடியில் இருந்த ஆபீசர் சார், அலிப்பூரில் சர்க்கார் வேலை பார்த்து ஓய்ந்தவர், என்னைப் போல வங்காளத்துக்கு வந்த தமிழர். அவர் மனைவி வங்காளி, எங்களுக்கு பவுதி, அதாவது அண்ணி; என்னை அவர் தாதா, அண்ணன், என்று கூப்பிடுவார். சாருக்கு வீட்டிலேயே சாராயம் வடிக்கும் ஆசை. சட்டம் விடாத வேலை என்பதால் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். பவுதியிடம் வயிற்றுக்கு வில்வப்பழ மருந்து என்று சொல்லிவிட்டார்.

தரையில் சாக்பீஸால் தூணை வரைந்தார். உள்ளே ஆறு தட்டு, தட்டெல்லாம் ஊசித் துளை. ஆவி ஒவ்வொரு தட்டிலும் குமிழ்விட்டு ஏற வேண்டும். மிஞ்சியது ஓரக் குழாயில் கீழே இறங்க வேண்டும். துளையின் அளவுக்காக மூன்று முறை தட்டுகளை மாற்றினோம். "ஒவ்வொரு தட்டும் ஒரு தடவ வடிச்ச மாதிரி, மேஸ்திரி. கெட்டதெல்லாம் சேந்து முதல்ல வந்துரும். அத கீழ கொட்டிடணும்" என்றார்.

முதல் நாள் தூண் பெருமூச்சு விட்டது. கண்ணாடிகள் ஆவி படிந்து கீழிருந்து ஒவ்வொன்றாக வெளுத்தன. ஆறாவதும் வெளுத்ததும் சொட்டு விழுந்தது. முதல் கிண்ணம் நிறைந்ததும் ஓரமாக வைத்தேன், பிறகு கொட்டலாமென்று. சார் குளிர்ந்த தண்ணீருக்காகக் கீழே போயிருந்தார். பவுதி வந்து இது என்ன என்றார்.

"முதல்ல வந்தது, பவுதி."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த வீட்டில் உலையில் முதலில் வெந்த சோறும், கடையில் முதலில் வாங்கிய மாம்பழமும் மாகாளிக்கு. அது எனக்குத் தெரியும். பவுதி கிண்ணத்தைப் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டதை நான் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசாதத்தை வீணாக்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

மறுநாள் பட்டப்பகலில், வெயில் விழுந்த முற்றத்தில் நின்றுகொண்டு கேட்டார்: "தாதா, ஏன் இவ்ளோ பனி?"

ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார் என்று கேட்டார்கள். சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சட்டத்துக்குப் பயந்து, வில்வப்பழ மருந்து என்றோம். உண்மையைச் சொல்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சீக்கிரம் சொல்லியிருந்தால் ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு தூணுக்கு அடியில் நெருப்பு வைக்கவேயில்லை. ஆனாலும் பவுதி அதன் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் மெதுவாகச் சொன்னார்: "நாலாவது தட்டுக்கு ஆவி ஏறிடுச்சு, தாதா. ஒங்களுக்குக் கேக்கல?" தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

சாரும் பவுதியும் போய்ச் சேர்ந்தபின் தூண் என்னிடம் வந்தது. உடைத்துப் போட மனம் வரவில்லை. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை, நானே துடைத்தேன். இருந்தும் சில மத்தியானங்களில் கண்ணாடிகள் கீழிருந்து வெளுத்து வருகின்றன. ஐந்து வரைக்கும் எண்ணிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுப் பெண் எழுதுகிறாள். இதைப் படித்தவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லுங்கள்: கிண்ணத்தில் விஷம் இருந்தால், விஷம் என்றே சொல்லவேண்டும்.