இன்னிங்ஸ் தோல்வியும் பால் பவுடர் பொட்டலமும்

கிரிக்கெட்டை என்னால் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க முடியாது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆட்டத்தின் சட்டதிட்டமெல்லாம் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். விக்கெட் விழப்போகிறது என்று தோன்றினாலே எழுந்து போய்விடுவேன். "நீ பாத்தாத்தாம் புள்ள அவுட்டாவறானுங்க. போய்ச் சோத்த வடி" என்பார்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இரண்டு பேருக்கும் வேலை. அவர் தீவனம் அரைக்கிறார். குஞ்சு ஷெட் என் பொறுப்பு. கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்துதான் கொடுப்போம். இரண்டு மணி நேரம் குழாயை அடைத்துக் குஞ்சுகளுக்குத் தாகம் எடுக்க வைக்க வேண்டும். பிறகு தொட்டியில் முதலில் பால் பவுடர், அப்புறம்தான் மருந்து. தொட்டித் தண்ணீரில் இருக்கும் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். பால் பவுடர் அந்தக் குளோரினை அடக்கும். ஒன்பது வருடமாக என் கை செய்கிற வேலை.

அன்று டெஸ்ட் மேட்சின் நாலாம் நாள். இந்தியா தோற்காமல் நின்றாலே போதும் என்ற நிலைமை. குழாயை அடைத்துவிட்டு வந்தேன். தீவன அறையில் மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்து வீட்டுக்காரரும் சூப்பர்வைசர் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியும் வந்து நின்றுகொண்டிருந்தார். பால்காரர் வரவில்லை. முதலாளி டீ கேட்டுவிட்டார். மருந்துக்கு வைத்திருந்த ஒரே பால் பவுடர் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் டீ போட்டேன், அது காலியாகிவிட்டது. கடைக்கு ஆளனுப்பி வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

டீயைக் குடித்துவிட்டு முதலாளி கிளம்பினார். அதற்குள் மூன்று விக்கெட் போய்விட்டது.

"ஏனுங்க, கடைக்குப் போயி பால் பவுடர் வாங்கியாங்க."

"இந்த ஓவர் முடியட்டும் புள்ள, வாரேன்."

அந்த ஓவரில் இன்னொன்று போனது. ஷெட்டில் குஞ்சுகள் தாகத்தில் கத்துகின்றன. இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. ஒருமுறைதானே என்று வெறும் தண்ணீரில் மருந்தைக் கலந்து குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது ஆட்டமே முடிந்திருந்தது. இன்னிங்ஸ் தோல்வி.

"பிட்ச் சரியில்லைங்கக்கா" என்றார் சூப்பர்வைசர் தம்பி.

"ஆமா, அவனுங்களுக்கு மட்டும் வேற பிட்ச்சாக்கும்!" என்று எரிந்து விழுந்தார் வீட்டுக்காரர்.

தம்பி நோட்டை எடுத்தார். "மருந்து கொடுத்தாச்சுங்களாக்கா?"

"ஆச்சுங்க தம்பி."

கொடுத்தது கொடுத்ததுதான், பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு என் கண் குஞ்சுகள் மேலேயே இருந்தது. ஒரு குஞ்சு தும்மினால் போய் நிற்பேன். அந்த நோய் வந்தால் எச்சம் பச்சையாகும், அதைக் குனிந்து குனிந்து பார்ப்பேன். தீவன அறையில் தினமும் தோல்வியைப் பற்றித்தான் பேச்சு. யாரைத் தூக்க வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும், எவனுக்குத் திமிர் என்று. பேசிய எல்லோருக்கும் அடுத்தவர் தப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு என் தப்பு தெரிந்திருந்தது, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவேன்.

ஒன்பதாம் நாள் அடுத்த டெஸ்ட் தொடங்கியது. போன மேட்சில் வெளியே போகிற பந்தைத் துரத்தி அவுட்டானவர் அதே மாதிரிப் பந்தை அதே மாதிரித் துரத்தி அவுட்டானார். "அதேதான்! ஒருத்தனும் அவங்கிட்ட எடுத்துச் சொல்லலையா?" என்று வீட்டுக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். எழுந்து நேராக முதலாளியிடம் போனேன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டார்:

"அந்த டீயத்தான் நானுங் குடிச்சனா?"

"ஆமாங்க முதலாளி."

"நல்லாத்தான் இருந்துச்சு." வேறு பக்கம் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாளே வேற மருந்து வாங்கிக் கொடுத்திருக்கலாமே சாமி. ஒம்பது நாளு என்ன பண்ணீட்டிருந்த?"

தோற்றது ஒரு காலைப் பொழுதில். அதை மூடி வைத்திருந்த ஒன்பது நாளில்தான் எல்லாமே கைவிட்டுப் போனது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் பால் பவுடரைக் கரைத்து மறுபடி மருந்து கொடுத்தோம். மருந்துக்கு முன்னாலேயே நோய் உள்ளே வந்துவிட்டது என்றார் கோழி டாக்டர். இரண்டு வாரம் விடிந்ததும் செத்ததைப் பொறுக்கிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினோம். வீட்டுக்காரர் அந்த மேட்சின் முடிவைக்கூடப் பார்க்கவில்லை. பிழைத்தவற்றிலும் பலவற்றுக்கு அந்த நோயால் கழுத்து திருகிக்கொண்டது. அப்படி ஒன்று, கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாயின் முனைக்குப் பக்கத்தில் நின்று காற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. தலையைப் பிடித்து முனையில் வைத்தேன், குடித்தது. கையை எடுத்தேன். மறுபடி காற்றைத்தான் கொத்தியது.