ருஷ்யக்காரர்கள் கிளம்பிய காலை

எல்லம்மாள் ஜாமை ரொட்டியில் தடவமாட்டாள். டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, ஜாமை ஒரு கரண்டி எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

ஐம்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. மகாபலிபுரம் சவுக்குத் தோப்புப் பங்களாவுக்கு ருஷ்யாவிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். பாடுகிறவர்கள், நாடகக்காரர்கள், ஒரு ஓவியர். கோடை வந்தால் பட்டணத்தை விட்டுத் தோப்பு வீட்டில் போய்க் கிடப்பது அவர்கள் ஊர் வழக்கமாம். இங்கேயும் அதே கூத்துதான். காலையெல்லாம் கடல். மத்தியானம் கூடை கூடையாக முந்திரிப்பழம் பொறுக்குவார்கள். எல்லம்மாள் அதை ஜாமாகக் காய்ச்சுவாள். சாயங்காலம் டீயைச் சுற்றி உட்கார்ந்து, ஜாமைக் கரண்டி கரண்டியாக வாயில் போட்டுக்கொண்டே நாடகம் படிப்பார்கள், சண்டை போடுவார்கள், உடனே பாடுவார்கள். ஓவியர் லுங்கி கட்டிக்கொண்டு ராஜாவாக நடிப்பார். லுங்கி அவிழும். ராணி சிரித்துச் சிரித்து வசனத்தை மறந்துபோவாள். துணி துவைக்கப் போன நான் கிணற்றடியிலிருந்தே எல்லாம் பார்த்தேன்.

எல்லம்மாளுக்குப் புருஷன் செத்து இரண்டு வருஷம். சமையல் வேலை அந்த ஒரு மாதத்துக்குத்தான். "அவங்க சந்தோசமா போனா உன்னை நிரந்தரமா வச்சிக்கிறேன். ஆனா கிளம்பறப்போ எதிர்ல மட்டும் வந்துடாத" என்று மேனேஜர் ஜானகிராமன் சொல்லியிருந்தார்.

கிளம்புகிற காலையில் பாடகி வேரா, "எல்லம்மா! ஜாம்!" என்று கத்தினாள். எல்லம்மாள் எல்லாவற்றையும் மறந்து ஜாம் பாட்டிலோடு வாசலுக்கு ஓடிவந்தாள். அந்த நேரம் பார்த்து ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டிகள்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

நம் பக்கம் சகுனம் கெட்டால்தான் அப்படி உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவோம்.

"போச்சு! உன்னாலதான் குந்திக்கினு கீறாங்க!" என்றார் ஜானகிராமன்.

எல்லம்மாள் உள்ளே ஓடி ஏழு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். வேரா உதட்டில் விரலை வைத்து ஜானகிராமனை அடக்கினாள். எல்லம்மாளைப் பிடித்துத் தன் பெட்டிமேல் உட்காரவைத்தாள். பூட்டு தெறித்தது. உள்ளே வாங்கி அடைத்திருந்த லுங்கிகளுக்கு நடுவே இரண்டு பேரும் விழுந்தார்கள். ஓவியர் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

மொழிபெயர்க்க வந்த காசிநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா சார் பேஜாரு பண்றீங்க? ஊருக்குக் கிளம்புமுன்ன ஒரு நிமிசம் பேசாம குந்தறது அவங்க வழக்கம். அடுத்த கோடைக்கும் இந்தம்மா கையால ஜாம் வேணுமாம். இருப்பாங்களான்னு கேக்கறாங்க."

"இருப்பா, இருப்பா" என்றார் ஜானகிராமன், எல்லம்மாளைப் பார்க்காமலே.

இன்றும் அந்தப் பங்களாவில் எல்லம்மாள்தான் சமைக்கிறாள். விருந்தாளிகளை வாசலில் நின்று வழியனுப்புகிறவளும் அவள்தான்.