லோரியில் சாகாத அப்பா

எங்கள் அப்பா மலேசியாவில் ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முப்பத்தாறு வயதில் வயிற்றில் புற்றுநோய் வந்து செத்தார். ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் அவர் லோரி கவிழ்ந்து செத்தவர். வயிற்று நோய் என்றால் பரம்பரை என்பார்கள், பெண் எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா கட்டிய கதை அது. தோட்டத்தை விற்றதும் சனமெல்லாம் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டதால் மறுத்துச் சொல்ல ஆளில்லை. அப்பா வாந்தி எடுத்ததை ஒன்பது வயதில் கண்ணால் பார்த்த நானும், என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் கூசாமல் லோரி என்றுதான் சொன்னேன். அவர்தான் இப்போது என் கணவர்.

தம்பிக்கு அந்தக் கதை மட்டும்தான் தெரியும். இருபத்தெட்டு வயதில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது வயிற்று நோய் உண்டா என்று கிளினிக்கில் கேட்டதற்கு இல்லை என்றிருக்கிறான். கேஸ்ட்ரிக் என்று ஆறு மாதம் மாத்திரை விழுங்கினான். பிறகு கேமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பை முழுக்கப் பரவியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எங்கள் குடும்பத்தைத் தாளில் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.

"அப்பா எப்படி இறந்தாரு?"

"லோரி எக்சிடென், டாக்டர்" என்றோம் நானும் அம்மாவும். வாய் அப்படிப் பழகியிருந்தது. பக்கத்தில் என் கணவர் வேறு.

இளவயதில் இந்த நோய் வந்தால் சில குடும்பங்களில் ஒரு மரபணு மாறியிருக்கும் என்றார் டாக்டர். இரைப்பையின் செல்களைக் கைகோத்து நிற்க வைப்பது அதன் வேலை. அது கெட்டால் செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று ஊர்ந்துவிடுமாம். "வீட்ல வேற யாருக்கும் இல்லன்னா தற்செயலா இருக்கலாம்."

"இருந்தா?" என்றார் அம்மா.

"மகளையும் சோதிப்போம். அவங்களுக்கும் இருந்தா, நோய் வர்றதுக்கு முன்னாடியே இரைப்பைய எடுத்துடலாம்."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். "மன்னிச்சிருங்க மாப்ள. லோரியெல்லாம் இல்ல. அவருக்கும் இதே வயித்து நோய்தான்."

எனக்கு முகம் எரிந்தது. கணவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். அப்புறம் டாக்டரிடம் கேட்டார்: "இவளுக்கு இன்னிக்கே ரத்தம் எடுக்க முடியுமா?"

எனக்கும் இருந்தது. கோடிக்கணக்கான மரபணு எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். பயத்தையும் மீறி நான் வாயைப் பிளந்துவிட்டேன். கப்பலேறி வந்த ஏதோ ஒரு பாட்டனுக்குள் இருந்திருக்கலாம். அப்பா பால்வாளி தூக்கியபோதும், தீபாவளிக்கு ஆட்டுக்கறி தின்றபோதும் உள்ளேயே இருந்திருக்கிறது. பாதிப் பாதி வாய்ப்பில் தம்பிக்கும் எனக்கும் வந்திருக்கிறது. ரகசியம் காப்பதில் அம்மாவையே தோற்கடித்த அழுத்தக்காரன்!

என் இரைப்பையை எடுத்தார்கள். அதற்கு முன் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒரு வலியும் இருந்ததில்லை, ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம்கூட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு இரண்டு பொட்டலம் தின்றேன். ஆனால் எடுத்ததைச் சீவிச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஏழு இடத்தில் புற்று புள்ளி வைத்திருந்தது. ஏழு இடம்! இதைக் கேட்ட அன்று உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், அரை இட்லியை ஒரு மணி நேரம் மென்றேன்.

தம்பியிடம் சொன்னேன். அவன் அப்போது எலும்பும் தோலுமாகக் கிடந்தான்.

"ஏழா?" என்று கேட்டுச் சிரித்தான். "நீ தப்பிச்சிட்ட லா, அக்கா."

நான் அழுதேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உம் மவ ஒரு நா கேப்பா, மாமா எப்படிச் செத்தாருன்னு. லோரின்னு சொல்லிடாத கா."

அடுத்த வாரம் அவன் போய்விட்டான். மகளுக்கு எட்டு வயதுதான். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.