சுவர்ப் பக்கத்துக் கைப்பிடி

நான் கேட்கவேயில்லை. கேட்டதாக அப்பாவிடம் பொய் சொன்னேன்.

ஜெர்மன் பேசும் ஊரான சோலோதுர்னின் பழைய நகரில், அரசு பாதுகாக்கும் ஒரு பழங்கால வீட்டின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மா. வருகிறவர்கள் எல்லாம் அந்தப் படிக்கட்டை அண்ணாந்து படம் எடுப்பார்கள்... சுருண்டு சுருண்டு ஏறும் கற்படிகள். சுவர்ப் பக்கம் அகலம்; உட்பக்கம் பாதம் கொள்ளாத ஒடுக்கம். கைப்பிடி இருந்ததோ அந்த ஒடுங்கிய பக்கத்தில் மட்டும்!

அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. பிடித்து இறங்கினால் மிதிக்க இடமில்லை. அகலத்தில் மிதித்தால் பிடிக்க எதுவுமில்லை.

“தம்பி, சுவர்ப் பக்கமும் ஒரு கம்பி போடலாமோ எண்டு அந்த மனிசியிட்ட ஒருக்காக் கேள்.”

எங்கள் வீட்டு ஜெர்மன் என் வாயில்தான் இருந்தது. சிறு வயதிலிருந்தே டாக்டரிடமும் அரசாங்கக் கந்தோரிலும் அப்பா அம்மாவுக்காக நான்தான் பேசினேன். படிப்பை இடையில் விட்டவன், பிழையாகப் பேச வெட்கப்பட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம்... அதுவா உண்மை? சலித்துப்போயிருந்தேன். அவ்வளவுதான்!

“கேட்டனான், அப்பா. பழைய வீடாம். சுவரில ஒரு ஆணியும் அடிக்கேலாதாம்.”

அப்பா சிரித்தார். “அப்ப என்னைவிட வீட்டுக்குத்தான் வயசும் கூட, மரியாதையும் கூட!”

பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. போன மாரியில் ஒரு காலை, அந்த ஒடுங்கிய பக்கத்தில் சறுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்: ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... கம்பி போட அனுமதி எடுத்துத் தந்திருப்பேனே!

“என்னவாம் சொல்லுறா?” அம்மா கேட்டார்.

“தனக்கும் கவலையாம்.”

அந்த இடத்தில், அப்பாவின் படத்துக்கு முன்னால், என்னால் இன்னொரு பொய்யும் சொல்ல முடிந்தது!

இப்போது கம்பி போட்டாயிற்று. மெல்லிய கறுப்புக் கம்பி. பழைய சுவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

நேற்று அம்மா அதைப் பிடித்து ஏறியபோது பாதியில் நின்றார். “அந்த மனுசன் கேக்கேக்க ஏலாதெண்டவை, இப்ப மட்டும் எப்பிடியாம் விட்டவை?”

சாமான் பையோடு பின்னால் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

“சட்டம் மாறிட்டுதாம், அம்மா.”

“நாசமாப் போன சட்டம்! என்ர மனுசனைத் திண்டிட்டுது!” அம்மா திட்டிக்கொண்டே ஏறினார்.

மூன்றாம் மாடி வரை, பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன்.