புயல் கூண்டும் மந்திரி பழமும்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவு என்ற நாடு தோணியில் ஏறிக்கொண்டிருக்கிறது: அடியில் ஜல்லி, மேலே வெங்காயம், உச்சியில் ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தார். பொட்டுக் காற்றில்லை, ஆனாலும் புயல் கூண்டு ஏற்றியிருப்பதால் தோணி கிளம்பக்கூடாது. தோணியை ஓட்டும் தண்டல், தாரை மோந்து மோந்து பார்க்கிறார். இன்று கிளம்பாவிட்டால் அத்தனையும் வழியிலேயே பழுத்து அழுகிவிடும்.

ஓய்வெடுக்க மாலத்தீவு போவதாகப் பல வருடமாக வீட்டில் சொல்லிவரும் நான், "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்கிறேன்.

"கடல் கெடக்கு அண்ணாச்சி. மத்ததெல்லாம் நாங்கதான் கொண்டு போறோம். வெள்ளைக்காரன் வந்து நிக்கதே நம்மூரு ஜல்லி மேலதான்."

கூண்டு இறங்கவில்லை. மஞ்சளாகிவிட்ட ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டுகிறார்.

"தின்னுங்க. அந்த நாட்டு மந்திரிக்கு வச்சது."

தின்கிறேன். அடுத்தது நிதி மந்திரிக்காம். அந்திக்குள் கூண்டு இறங்காவிட்டால் மந்திரிசபை மொத்தத்தையும் நானே தின்று தீர்க்கவேண்டும்.